பெயர் சொல்லாத ஜெபக் குறிப்பு

எங்கள் புராட்டஸ்டண்டு ஆட்கள் புறணி பேசமாட்டார்கள். ஜெபக் குறிப்பு கொடுப்பார்கள். நாசரேத்திலிருந்து சாத்தான்குளம் வரைக்கும் ஏதாவது ஒரு வீட்டு ஜெபக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். எந்த வீட்டுப் பையன் பரீட்சையில் தோற்றான், எந்த வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனாள் என்பதெல்லாம் கண்ணை மூடியபடியே தெரிந்துவிடும். பெயர் மட்டும் சொல்லமாட்டோம். "ஒரு சகோதரிக்காக" என்போம். எந்தச் சகோதரி என்பது ஆமென் சொல்வதற்குள் எல்லாருக்கும் விளங்கியிருக்கும்.

இதைக் கேலியாகச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. அந்த வித்தையில் நான் கைதேர்ந்தவளாக இருந்தேன். இருபத்திரண்டு வயதில் நான் கொடுத்த ஒரு ஜெபக் குறிப்பால் ஒருவர் தன் அக்காள் வீட்டு வாசலை மிதிக்க முடியாமல் போனார். மனநல ஆலோசகர் வேலைக்கு எப்படி வந்தீர்கள் என்று என்னிடம் கேட்பவர்கள் நிறைய. சின்ன வயதிலிருந்தே பிறருக்கு உதவ ஆசை என்று சொல்லி இத்தனை காலம் தப்பித்துவந்தேன். அது பொய். என் வாய் செய்த காரியத்தைக் கண்டு பயந்துபோய்த்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. தூத்துக்குடிக்குப் புதுத் துறைமுகம் வந்துவிட்டது. பழைய துறைமுகத்தில் தோணிகளும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. நான் பி.ஏ. முடித்துவிட்டு ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைக்கக் காத்திருந்தேன். நாசரேத்தில் ஹெட்மாஸ்டராக இருந்த அப்பாவுக்கு, பெண்பிள்ளை சும்மா வீட்டில் கிடந்து கதைப்புத்தகம் வாசிப்பது ஆகாது. தூத்துக்குடியில் சித்தி வீட்டில் தங்கி, கடற்கரைப் பக்கம் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் வேலை பார்க்க அனுப்பிவைத்தார். பெயர், வயது, ஊர், உடம்புக்கு என்ன, இந்த நான்கையும் கேட்டு எழுதி டாக்டர் அறைக்கு அனுப்ப வேண்டும். அதற்கு பி.ஏ. தேவையில்லை. ஆனாலும் நான் கண்ணாடி போட்டிருந்ததால் வந்தவர்கள் எல்லாரும் என்னை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது.

நான் உட்கார்ந்திருந்தது ஒரு மரத் தடுப்புக்கு உள்ளே. தடுப்பில் முகத்தின் உயரத்துக்குக் கம்பி வலை அடித்த ஒரு சின்ன ஜன்னல், அதற்குக் கீழே சீட்டு நீட்ட ஒரு சந்து. மேஜையைப் பக்கச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்ததால் வருகிறவர்களுக்கு என் முகம் தெரியாது. காதும் கன்னமும்தான் தெரியும். நானும் திரும்பிப் பாராமல் கேட்டதை எழுதிக்கொண்டே போவேன். அந்த ஜன்னலைப் பார்த்து எனக்கு எதுவும் தோன்றியதில்லை. எங்கள் கோயிலில் அப்படி ஒரு ஜன்னல் கிடையாது.

நான் சொன்ன அந்த மனிதரை முதலில் கூட்டிவந்தது அவருடைய அக்காள். அக்காளுக்கு முப்பது வயது இருக்கலாம், வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள். தம்பிக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது கூடுதல். வலது கையை ஒரு கைக்குட்டையால் சுற்றி நெஞ்சோடு வைத்திருந்தார். கைக்குட்டையை அந்தக் கடற்கரைக் கத்தோலிக்கர்கள் லேஞ்சி என்பார்கள்.

"என்ன செய்யுது?" என்று கேட்டேன்.

"கை விரிய மாட்டேங்கு டீச்சர்," என்றாள் அக்காள். "லேஞ்சிய அவுத்துக் காட்டுலே."

அவர் அவிழ்த்தார். நான் அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். நான்கு விரல்களும் உள்ளே மடங்கி, கட்டைவிரல் மேலே பூட்டு மாதிரி அழுந்தியிருந்தது. நகம் குத்தி உள்ளங்கை புண்ணாகியிருந்தது. வெறும் கை, ஆனால் எதையோ விடாமல் பிடித்திருந்தது.

"எப்ப இருந்து?"

"எங்க வீட்டுக்காரவுக செத்த அன்னைலேர்ந்து," என்றாள் அக்காள், ஏதோ தேதி சொல்வதுபோல. "சங்கு குளிக்கப் போன எடத்துல. இவந்தான் கயிறு பிடிச்சான்."

அந்தச் சீட்டில் என்ன எழுதுவது என்று தெரியாமல் "கை" என்று மட்டும் எழுதி உள்ளே அனுப்பினேன்.

சங்கு குளிக்கிறவர்களின் வழக்கம் எனக்கு அன்றுதான் தெரிந்தது, ஆஸ்பத்திரியில் காயம் கட்டுகிறவர் சொன்னார். இடுப்பில் கயிறு கட்டி, காலில் கல்லை மாட்டிக்கொண்டு ஒருவர் கடலுக்குள் இறங்குவார். மூச்சு முட்டும்போது கயிற்றை வெடுக்கென்று சுண்டி இழுப்பார், கயிறு வெட்டுகிறது என்பார்கள். மேலே படகில் இருப்பவர் அந்த நொடியே அவரைத் தூக்க வேண்டும். அந்தக் கயிற்றைக் கண்டவர் கையில் கொடுக்கமாட்டார்கள். கூடப் பிறந்தவன் கையில்கூடக் கொடுக்கமாட்டார்கள். கூடப் பிறந்தவனுக்குச் சொத்தில் கண் இருக்கலாம். மனைவியின் சகோதரன் கையில்தான் கொடுப்பார்கள். தன் அக்காள் தாலி அந்தக் கயிற்றில் தொங்குகிறது என்று தெரிந்தவன் அசந்துபோகமாட்டான் என்று ஒரு கணக்கு.

டாக்டர் ஊசியால் குத்திப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். நரம்பில் பழுதில்லை, எலும்பில் பழுதில்லை, மனசில்தான் ஏதோ முடிச்சு என்று சொல்லிவிட்டுக் கரண்ட் வைக்கச் சொன்னார். மனசில் முடிச்சு இருந்தால் கைக்கு ஏன் கரண்ட் வைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. முதல் நாள் கதவு திறந்திருந்தது. மெஷினைத் திருகியதும் முஷ்டி மேஜையில் துள்ளித் துள்ளி விழுந்ததைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. வேறு யாருடைய கையோ துடிப்பதைப் பார்ப்பவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு அவர் தினமும் தனியாக வந்தார். அப்போதெல்லாம் கரண்ட் நினைத்தபோது போகும், நினைத்தபோது வரும். மெஷின் ஓடுகிறவரைக்கும் என் ஜன்னலுக்கு எதிரே இருந்த பெஞ்சில் காத்திருப்பார். அஞ்சாங் கிளாஸ் வரைக்கும் படித்தவர். எழுத்து என்று எது கையில் கிடைத்தாலும் விடமாட்டார். அன்றன்றைய பேப்பரை இடது கையில் பிடித்துப் பெஞ்சில் இருப்பவர்களுக்கெல்லாம் உரக்க வாசித்துக் காட்டுவார். சர்க்கரை பொதிந்துவந்த தாளைக்கூட விரித்து வாசிப்பார்.

மத்தியானச் சாப்பாடு அக்காள் வீட்டில். அதைப் பற்றி அவரே சிரித்துக்கொண்டு சொல்வார்.

"எடது கையால திங்கப்படாதுன்னு அக்கா உருட்டி வாயில போடுதா டீச்சர். அவ பிள்ளைய மூணும் எனக்குப் பொறத்தால வரிசையா நிக்குதுவ, எங்களுக்கும் ஊட்டுன்னு. மச்சானோட அம்மா இருக்காவ. பாவம், எனக்கு மீனுல முள்ளெடுத்து வைப்பாவ."

அவருக்குத் தாய் தகப்பன் இல்லை. அக்காள் வளர்த்த பிள்ளை. அந்த ஒரு வேளைச் சோறும் அந்த வாசலும்தான் அவருக்கு வீடு என்பது பெஞ்சில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

ஒரு மத்தியானம் கரண்ட் போய் வெகு நேரமாகியும் வரவில்லை. காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள். டாக்டர் சாப்பிடப் போயிருந்தார். நான் பழைய சீட்டுகளை நூலில் கோத்துக்கொண்டிருந்தேன். அவர் பெஞ்சிலிருந்து எழுந்து ஜன்னலுக்கு மிக அருகே வந்து நின்றார். நெற்றி கம்பி வலையில் படுகிற மாதிரி.

"டீச்சர், ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க," என்றேன், திரும்பாமல்.

அவர் இடது கையை நெற்றியில் வைத்தார், நெஞ்சில் வைத்தார், இரண்டு தோளிலும் வைத்தார். கடைக்கண்ணால் பார்த்தேன். வலது கை முடியாததால் இடது கையால் சிலுவை போடுகிறார், பாவம் என்று மட்டும் நினைத்தேன்.

"அன்னைக்குக் காலைல அக்கா சோத்துத் தூக்கு கொண்டாந்து குடுத்தா. உதடு கிழிஞ்சிருந்தது. கதவுல இடிச்சிக்கிட்டேன்னா. எங்க அக்காவ மட்டும் அந்தக் கதவு எப்பமும் இடிச்சுக்கிட்டேதான் இருக்கும்." லேஞ்சியை இழுத்து இறுக்கினார். "படகுல நான் மச்சான்கூடப் பேசல. அவுகதான் பேசுனாவ. நேத்து கொஞ்சம் கூடிப்போச்சு மாப்ளன்னாவ. நான் கடலப் பாத்துக்கிட்டு இருந்தேன். கல்ல மாட்டிக்கிட்டு எறங்குனாவ. மூணு முங்கு ஒழுங்கா வந்தது. நாலாவது முங்குல கயிறு வெட்டுச்சு. இழுக்கணும். நான் இழுக்கல."

நூல் என் விரலில் சுற்றியபடி நின்றது.

"கொஞ்சம் தவிக்கட்டும்னு நெனச்சேன் டீச்சர். அக்கா தவிக்காள்லா, அவுகளும் கொஞ்சம் தவிக்கட்டும். கொல்லணும்னு இல்ல. மாதா சத்தியமா இல்ல. ஒரு பிரியதத்த மந்திரம் சொல்லி முடிக்கிற நேரம். மனசுக்குள்ள அதச் சொல்லிக்கிட்டே பிடிச்சுக்கிட்டு நின்னேன். பொறவு இழுத்தேன். கனமா வந்தது."

பிரியதத்த மந்திரம் என்பது அவர்கள் மாதாவை வாழ்த்திச் சொல்லும் சின்ன ஜெபம். பிற்பாடு அதை மனப்பாடம் செய்து கடிகாரத்தை வைத்துச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். நிதானமாகச் சொன்னால்கூட இருபது வினாடிக்கு மேல் போகாது. அந்த இருபது வினாடியால்தான் அந்த மனிதர் செத்தாரா, இல்லை கயிறு வெட்டியபோதே கடைசி மூச்சில் இருந்தாரா என்பது யாருக்கும் தெரியாது.

"கோயில்ல சாமியார்கிட்டச் சொன்னா, போயி அக்கா கால்ல விழுன்னு சொல்லுவாவ," என்றார். "அவ கால்ல விழுந்தேன்னா, பொறவு எனக்கு யாரு சோறு ஊட்டுவா?"

நான் வாயடைத்துப் போயிருந்தேன். எனக்குப் பைபிளில் சங்கீதம் இருபது மனப்பாடம். ஒன்றும் வாயில் வரவில்லை. ஒருவர் இப்படி ஒன்றைச் செய்திருக்க முடியும், செய்துவிட்டுப் பேப்பர் வாசித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, என் எதிரே உட்கார்ந்திருக்க முடியும் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. திரும்பி அவர் முகத்தைப் பார்க்கவும் பயம். அப்படியே சும்மா இருந்தேன். அவரும் நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கரண்ட் வந்து மேலே ஃபேன் சுற்றத் தொடங்கியதும் உள்ளே அவரைக் கூப்பிட்டார்கள், போனார்.

மறுநாள் வந்தபோது சுண்டுவிரல் நிமிர்ந்திருந்தது.

நான் சொல்வதை அப்படியே நம்புங்கள், ஏனென்றால் நானே நம்பவில்லை. சீட்டை வாங்க நீட்டிய கையில் சுண்டுவிரல் தனியாக வெளியே நின்றது. இரண்டு நாளில் மோதிரவிரல். டாக்டருக்கு மெஷின்மேல் பெருமை தாங்கவில்லை. பத்து நாளில் அவர் டீக்கடைக் கிளாஸை வலது கையால் தூக்கிக் குடித்தார். கை நடுங்கியது, கால்வாசி டீ சட்டையில். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மெஷின் இல்லை, நான்தான் என்று எனக்குத் தெரியும். நான் என்றால் நான் இல்லை, என் மூலமாக ஆண்டவர். அப்படித்தான் அன்று எண்ணிக்கொண்டேன். அப்படி எண்ணுவதில் ஒரு சௌகரியம், பெருமையையும் வைத்துக்கொள்ளலாம், தாழ்மையையும் காட்டிக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சித்தி வீட்டில் பெண்கள் ஜெபக் கூட்டம். பத்துப் பன்னிரண்டு பேர் பாயில் உட்காருவோம். இரண்டு வாரத்துக்கு முன்பே "கை முடங்கிய ஒரு சகோதரனுக்காக" என்று குறிப்புக் கொடுத்திருந்தேன். ஆண்டவர் ஜெபத்தைக் கேட்டுவிட்டால், அதை எல்லார் முன்னும் சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் முறை. சாட்சி சொல்லாதவள் நன்றிகெட்டவள். எழுந்து நின்று சொன்னேன். பெயர் சொல்லவில்லை, தெரு சொல்லவில்லை. சங்கு குளிக்கிறவர்கள் என்றேன். மச்சான் என்றேன். அக்காளின் கிழிந்த உதடு, அவள் சொன்ன கதவு, கயிறு வெட்டியது, எல்லாம் சொன்னேன். ஒரு மந்திரம் சொல்லும் நேரம் என்ற இடத்தில் குரலைத் தாழ்த்தினேன். பாயில் ஒரு பெருமூச்சு எழுந்தது. சித்தி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். போஸ்ட்மாஸ்டர் மனைவி என் தலையில் கை வைத்து, "இந்தப் பிள்ளைக்கு வரம் இருக்கு," என்றார்.

அந்த வருடம் அந்தக் கடலில் சங்கு குளிக்கப் போய்ச் செத்தவர் ஒரே ஒருவர்தான். அது என் மண்டையில் உறைக்கவே இல்லை.

நடந்தது இதுதான். திங்கட்கிழமை போஸ்ட்மாஸ்டர் மனைவி வாசலில் மீன் வாங்கினார். மீன்காரி அந்தக் கடற்கரைத் தெருக்காரி. போஸ்ட்மாஸ்டர் மனைவி கெட்டவர் இல்லை, இன்றுவரை அவரைப் பற்றி ஒரு குறை சொல்லமாட்டேன். "உங்க பக்கத்துல ஒரு தம்பிக்குக் கை சரியாயிட்டு வருதாமே, பாவம், கயித்த இழுக்காம விட்டுட்டோம்னு மனசுக்குள்ளயே வச்சிருந்தானாம், நாங்க ஜெபம் பண்ணுதோம்னு சொல்லு," என்றாராம். அன்பாகத்தான் சொன்னார்.

புதன்கிழமை காலையில் ஜன்னலில் நிழல் விழுந்தது. நான் புதுச் சீட்டை எடுத்துப் பேனாவைத் திறந்தேன்.

"பெயர்?"

மறுபடியும் கேட்டேன்.

"எம் பேரு உங்களுக்குத் தெரியும்லா."

திரும்பினேன். வெள்ளைச் சேலை. அக்காள்.

"எந் தம்பி உங்ககிட்ட என்ன சொன்னான்னு கேக்க வரல," என்றாள். சத்தம் போடவில்லை. "அதான் ஊரே சொல்லுதே. குழாயடில சொல்லுதாளுவ. மீன்காரி சொல்லுதா."

"நான் பேர் சொல்லலக்கா," என்றேன். "ஜெபம்தான் பண்ணினோம்."

இந்த இரண்டு வாக்கியத்தையும் இன்று எழுதும்போதுகூட எனக்குக் கூசுகிறது.

"ஜெபம்," என்றாள். அந்தச் சொல்லை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்பவள் மாதிரி. "அவன் எங்கிட்ட வந்து சொல்லணும்னு ஒண்ணும் இல்ல. எனக்கு முன்னமே தெரியும்."

திறந்த பேனாவை மூடி வைத்தேன்.

"அன்னைக்குப் படகு கரையில முட்டும்போதே தெரியும். செத்தவுக முகத்த நான் முதல்ல பாக்கல. எந் தம்பி முகத்தத்தான் பாத்தேன். வளத்தவளுக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் சோறு ஊட்டுனேன்."

"தெரிஞ்சுமா?"

"அவன் சொல்லப்படாது, நான் கேக்கப்படாது. அப்படி இருந்தாத்தான் அவன் வந்து போவ முடியும். வீட்டுல எம் மாமியா இருக்கா. பெத்த பிள்ளையப் பறிகுடுத்தவ. நேத்துத் தெருவுல வச்சு மீன்காரி அவகிட்டக் கேட்டுட்டா, உம் பிள்ளைய இழுக்காம விட்டவனுக்கா முள்ளெடுத்து வச்சேன்னு. நேத்துலேர்ந்து வாசப்படில உக்காந்திருக்கா. எந்திரிக்க மாட்டேங்கா. அவளத் தாண்டி அவன் எப்படி வருவான்? அவளத் தள்ளிட்டு நான் எப்படி அவன உள்ள விடுவேன்?"

இதுவரைக்கும் நீங்கள் என்று மரியாதையாகப் பேசியவள் இப்போது ஜன்னலுக்கு அருகே வந்து ஒருமைக்கு மாறினாள்.

"என்னக் கதவு இடிச்சத யாருக்குஞ் சொல்லாம எட்டு வருசம் வச்சிருந்தேன். அதையும் சொல்லிட்டியே பிள்ள."

நான் அழத் தொடங்கியிருந்தேன். அதை அவள் கவனிக்கவில்லை, கவனிக்க வேண்டிய அவசியமும் அவளுக்கு இல்லை.

"சிலுவை போட்டுட்டுத்தான சொன்னான்?" என்று கேட்டாள்.

"ஆமா."

"அப்பம் தெரியாதா உனக்கு? எங்க கோயில்ல இதே மாதிரி ஒரு வலைக்கு அந்தப் பக்கம் சாமியாரு காதக் காட்டிக்கிட்டு இருப்பாவ. நாங்க இந்தப் பக்கம் முட்டு போட்டுச் சொல்லுவோம். கழுத்த அறுத்தாலும் அவுக வாயத் தொறக்கப்படாது. நாலு எழுத்துப் படிச்சவ, இது தெரியாதா உனக்கு?"

எனக்குத் தெரியாது. உண்மையாகவே தெரியாது. பாவத்தை மனிதனிடம் அறிக்கை செய்வது தவறு, ஆண்டவரிடம் நேரே சொன்னால் போதும் என்று ஞாயிறு பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒருவர் சொல்லிவிட்டால் கேட்டவர் என்ன செய்ய வேண்டும் என்பதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்வதை அவர்கள் பாவசங்கீர்த்தனம் என்பார்கள், அந்தச் சொல்லை மட்டும் கேள்விப்பட்டிருந்தேன். கம்பி வலை, பக்கவாட்டில் ஒரு காது, இடது கையால் போட்ட சிலுவை, எல்லாம் என் கண் முன்னால் நடந்தும் எனக்கு எதுவும் புரியவில்லை. அவர் கோயிலுக்குள் நின்று பேசியிருக்கிறார், நான் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

அக்காள் போன பிறகு, அன்று வந்தவர்களின் பெயர்களை என்னால் ஒழுங்காக எழுத முடியவில்லை. வயது எழுதும் இடத்தில் ஊரை எழுதினேன். ஒருத்தியின் உதட்டைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னதைக் கேட்காமல் விட்டேன். தெரிந்தும் ஊட்டியிருக்கிறாள் என்பதுதான் திரும்பத் திரும்ப வந்து அறைந்தது. அந்த வீட்டில் இரண்டு பேர் ஒரே இரகசியத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, நடுவில் ஒரு சோற்றுத் தட்டை வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். நான் போய் அதைக் கொட்டிவிட்டேன். அதற்கு நன்றி ஜெபமும் செய்தேன்.

வெள்ளிக்கிழமை காலை அவர் வந்தார். கையில் மறுபடியும் லேஞ்சி சுற்றியிருந்தது. அவிழ்த்துக் காட்டச் சொல்லாமலே தெரிந்தது, அதற்குள் ஐந்து விரலும் பழையபடி மூடிக்கிடந்தன. பெஞ்சில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவர் நகர்ந்து உட்கார்ந்தார், இடம் விடுவதற்காக இல்லை.

"சீட்ட முடிச்சுக் குடுத்துருங்க டீச்சர். நான் விழிஞ்சம் பக்கம் போறேன். அங்கன கரவலை இழுக்க ஆள் கேக்காவளாம்."

"இந்தக் கையோடயா?"

"இருக்கத வச்சுத்தான் பொழைக்கணும்."

நான் எழுந்து நின்றேன். அந்த ஜன்னலில் முதல்முறையாக நேருக்கு நேராக அவர் முகத்தைப் பார்த்தேன். நான் நினைத்து வைத்திருந்ததைவிடச் சின்ன முகம். மன்னித்துக்கொள்ளுங்கள், தெரியாமல் செய்துவிட்டேன் என்று என்னென்னவோ சொன்னேன். எல்லாரும் பார்க்க அழுதேன்.

அவருக்குச் சங்கடமாகப் போய்விட்டது. "அழாதீங்க டீச்சர். யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு நான் கேக்கலையே. கேக்கணும்னு எனக்குத் தெரியாமப் போச்சு. எங்க கோயில்ல கேக்க வேண்டாம்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தப்பைத் தன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு அந்த மனிதர் எனக்கு ஆறுதல் சொன்னார். முடித்துக் கொடுத்த சீட்டை இடது கையால் வாங்கி, வழக்கம்போல அதில் இருந்ததை ஒருமுறை வாசித்துவிட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலமே ஜெபக் கூட்டம். தலைவலி என்று சொல்லிப் பார்த்தேன், சித்தி விடவில்லை. பாட்டு முடிந்ததும் போஸ்ட்மாஸ்டர் மனைவி என் பக்கம் திரும்பி, "அந்தத் தம்பி கை இப்பம் எப்படி இருக்கு பிள்ள?" என்று கேட்டார். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அந்த முகங்களில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. மேற்கொண்டு என்ன என்று தெரிந்துகொள்ளும் ஆசை மட்டும்தான்.

"எனக்குத் தெரியாது," என்றேன்.

நான் காத்த முதல் இரகசியம் அதுதான். காப்பதற்கு அதில் ஒன்றும் மிச்சமில்லாதபோது காத்தேன்.

ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைத்த கடிதம் அடுத்த மாதம் வந்தது. போகவில்லை. மனசில் முடிச்சு என்று டாக்டர் சொன்னாரே, அந்த முடிச்சைப் பற்றி எங்கே படிக்கலாம் என்று அவரிடமே கேட்டேன். அவர் வடக்கே ஒரு ஊரைச் சொன்னார். அப்பா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள், "மாப்பிள்ள பாக்கிற நேரத்துல பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா போவா ஒருத்தி?" என்று அம்மாவிடம் கேட்டார், எனக்குக் கேட்கும்படி. கடைசியில் அவர்தான் ரயிலேற்றிவிட்டார்.

அங்கே முதல் வகுப்பில், வருகிறவர் சொல்வது வெளியே போகக்கூடாது என்று ஆசிரியர் சொன்னார். சாலையில் இடது பக்கம் போக வேண்டும் என்பது மாதிரி சாதாரணமாகச் சொன்னார். எல்லாரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். நான் எழுந்து போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு வெகு நேரம் நின்றேன். மற்றதெல்லாம் கடினமாக இல்லை. ஒருவர் பேசும்போது குறுக்கே விழாமல் சும்மா இருப்பது எப்படி என்று இரண்டு வருடம் சொல்லிக்கொடுத்தார்கள். பயத்தில் வாயடைத்துப்போய் அதை நான் ஒருமுறை செய்திருந்தேன், அதில் ஒரு கை விரிந்தது. அதன் பிறகு வாயைத் திறந்தேன், கை மூடிக்கொண்டது. எனக்குத் தெரிந்த படிப்பு அவ்வளவுதான். இன்றும் என் அறைக்கு யார் வந்தாலும், அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே, இங்கே சொல்வது இங்கேயே இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். அவர்கள் கேட்க வேண்டியதில்லை.

அப்படியானால் இதை எழுதலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். போன வருடம் அந்தத் தெருவுக்குப் போனேன். அக்காள் இருக்கிறாள். தலை பஞ்சாக வெளுத்துவிட்டது, பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள். உட்காரச் சொன்னாள், டீ கொடுத்தாள். அதுவே எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. தம்பி திரும்பி வரவே இல்லை. கொல்லம் பக்கத்தில் பார்த்ததாக யாரோ ஒருமுறை சொன்னார்களாம், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

வந்த காரியத்தைச் சொன்னேன். நீங்கள் வேண்டாம் என்றால் எழுதமாட்டேன் என்றேன். அவள் தன் கிளாஸைக் கீழே வைத்தாள், கொஞ்சம் டீ சிந்தியது.

"பேரு போடுவியா?"

"போடமாட்டேன்க்கா."

"போடாத. அன்னைக்கும் நீ பேரு போடல. ஊருக்கெல்லாம் தெரிஞ்சது. இத வாசிச்சா அவனுக்கும் தெரியும்." சேலைத் தலைப்பால் டீ சிந்திய இடத்தைத் துடைத்தாள். "எழுத்துன்னு எது கெடச்சாலும் வாசிப்பான், பொட்டலம் மடிச்ச தாளக்கூட விடமாட்டான். எம் மாமியா செத்துப்போயி எத்தனையோ வருசம் ஆச்சு. அத அவங்கிட்ட யாரு சொல்லியிருப்பா? வாசல்ல இப்பம் யாரும் உக்காரலன்னு எழுது."

எழுதிவிட்டேன்.